பிள்ளைக்கு வாசிக்கத் தெரியும், எழுத்துத்தான் தெரியவில்லை



கொஞ்சம் நீளமான பதிவு. பெற்றோர் பொறுமையாக வாசியுங்கள். போனில் எழுத்துச் சின்னதாகத் தெரிந்தால் முதலில் அதைப் பெரிதாக்கிவிட்டு வாசியுங்கள். நாங்கள் சொல்ல வருவதும் அதைப் பற்றித்தான்.

எங்கள் பாடசாலைக் கணினி அறைக்குப் போன தவணை புது லப்டொப்கள் வந்த விஷயம் உங்களுக்குத் தெரியும். வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர்கள் சேர்ந்து அனுப்பியவை. அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி கொடுக்கட்டும். அதுவரை பிள்ளைகள் பழகியது 17 அங்குலச் சதுர மொனிட்டர்களில். பாதி மஞ்சள் பூத்தவை, ஒன்றுக்கு சுவிட்சை இரண்டு தரம் அமத்தினால்தான் வெளிச்சம் வரும். புதியவை 14 அங்குலம். படம் போட்டால் கண்ணாடி மாதிரித் தெளிவு. எல்லோருக்கும் சந்தோசம்.

இரண்டு கிழமை போனபின் ஒன்றைக் கவனித்தோம். 8ஆம் தரத்தில் ஒரு மகள். தமிழ்ப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் மூச்சு விடாமல் வாசிப்பாள். அதே பாடத்தை லப்டொப்பில் திறந்து வாசிக்கச் சொன்னால் தடுமாறுவாள். முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுபோவாள். "வீடு" என்று இருப்பதை "விடு" என்று வாசிப்பாள், வசனம் பொருந்தாது, திரும்பவும் முதலிலிருந்து தொடங்குவாள். மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள். மூன்றாம் நாள் அவளே ஒரு வழி சொன்னாள்: "சேர், இதை இங்கிலிஷிலயே வையுங்கோவன். தமிழ் கொம்பியூட்டருக்குச் சரிவராது."

அந்தப் பேச்சு எங்களுக்குச் சுருக்கென்று இருந்தது. 13 வயதுப் பிள்ளை, தன் மொழி இயந்திரத்துக்கு ஒத்துவராது என்று முடிவு கட்டிவிட்டது. யாரும் சொல்லிக்கொடுத்த பாடம் அல்ல. அவள் கண் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். வீட்டில் உம்மா வேறு மாதிரி முடிவு கட்டியிருந்தார்: பிள்ளைக்குக் கண்ணாடி போடவேணும். காட்டியும் பார்த்திருக்கிறார்கள். பார்வையில் குறை இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். அப்படியென்றால் கவனக்குறைவு, போன் பார்த்துப் பார்த்துப் பிள்ளை கெட்டுவிட்டது என்று அடுத்த முடிவு.

நாங்கள் அடிமட்டத்தை எடுத்தோம்.

கணினித் திரை சின்னச் சின்னக் கட்டங்களால் ஆனது. ஒவ்வொரு கட்டமும் ஒரு பிக்சல். திண்ணையில் பதித்த மாபிள் கற்களை நினைத்துக்கொள்ளுங்கள், கற்களில் சிலதைக் கறுப்பாக்கி எழுத்து வரைகிறோம். எங்கள் பழைய 17 அங்குல மொனிட்டரில் குறுக்காக 1280, நெடுக்காக 1024 பிக்சல். கணக்குப் பார்த்தால் ஒரு அங்குலத்துக்கு ஏறத்தாழ 96 பிக்சல் வரும். விண்டோஸும் ஆரம்பத்திலிருந்தே ஒரு அங்குலம் என்றால் 96 பிக்சல் என்றுதான் எடுத்துக்கொள்கிறது. 12 பொயின்ட் எழுத்துக்கு 16 பிக்சல் உயரமான ஒரு பெட்டியை ஒதுக்கும். பழைய மொனிட்டரில் அந்தப் பெட்டியின் உயரம் 4.2 மில்லிமீற்றர். கடதாசியில் அச்சடித்த 12 பொயின்டும் அதுவேதான். அந்த மொனிட்டரும் விண்டோஸும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துத் தைத்த மாதிரி.

புது லப்டொப்பில் 1920க்கு 1080 பிக்சல், ஆனால் திரை 14 அங்குலம்தான். ஒரு அங்குலத்துக்குள் 157 பிக்சல் வந்துவிடுகிறது. கல் சின்னதாகிவிட்டது. விண்டோஸ் அதே 16 கல்லை எண்ணி எழுத்து வரைந்தால் பெட்டியின் உயரம் 2.6 மில்லிமீற்றர். கோப்பு அதே கோப்பு, எழுத்தளவு என்று காட்டுவதும் அதே 12. பிள்ளையின் கண்ணுக்கு வந்து சேர்வது மட்டும் முக்கால்வாசிக்கும் குறைவு, ஏறக்குறைய அறுபது வீதம்.

இதைவிட மோசமான ஒன்றையும் பார்த்தோம். லண்டனிலிருந்து மகன் அனுப்பிய 15.6 அங்குல 4கே லப்டொப்பை ஒரு வாப்பா கொண்டுவந்தார். 3840க்கு 2160. அங்குலத்துக்கு 282 பிக்சல். அதில் பெருக்காமல் விட்டால் 12 பொயின்ட் பெட்டி 1.4 மில்லிமீற்றர்! அரிசியை நிமிர்த்தி வைத்தாலும் இதைவிட உயரமாக இருக்கும். அவர் அதில் சூம் வகுப்பு மட்டும் பார்த்துக்கொண்டு, வேறு எதற்கும் தொடாமல் அலுமாரியில் வைத்திருந்தார். "விலை கூடின சாமான், ஆனா எனக்கு வயசு போயிட்டுது சேர்" என்றார். வெள்ளெழுத்து வந்த வயதுதான், உண்மை. ஆனால் அந்தத் திரையில் அந்த எழுத்தை 20 வயதுக்காரனும் வாசிக்க மாட்டான்.

ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. அந்த மகளுக்கு ஆங்கிலம் மட்டும் எப்படித் தெரிந்தது? இரண்டும் ஒரே அளவுதானே?

ஆங்கிலத்தின் சிறிய எழுத்துகள் கோடு குறைந்தவை. ஒரு வளைவு, ஒரு கம்பு, அவ்வளவுதான். எங்கள் "ண"வை எழுதிப் பாருங்கள். சுழிக்குப் பின் சுழி, பிறகு மேலே போய்க் கீழே இறங்க வேணும். அதற்கு முன்னால் இரட்டைச் சுழிக் கொம்பும் சேர்ந்தால் "ணை". "கு", "மூ" எல்லாம் அடிக்கோட்டுக்குக் கீழே இறங்கும், "கி", "கீ" மேலே ஏறும். மேலுக்கும் கீழுக்கும் இடம் விட்டபின் நடுவில் இருக்கும் உடம்புக்கு மிஞ்சுவது சின்ன இடம். "கி"க்கும் "கீ"க்கும் வித்தியாசம் உச்சியில் ஒரு குட்டி வளையம். அந்த வளையம் அடைபட்டால் வீடு விடுவாகும். மின் கட்டணம் மீன் கட்டணமாகும், அல்லது மறுபக்கம். புள்ளி போனால் "பல் வைத்தியர்" "பல வைத்தியர்" ஆகிவிடுவார். ஆங்கிலத்தில் புள்ளி போனால் பெரும்பாலும் சொல் தப்பிவிடும். தமிழில் புள்ளி போனால் வேறு சொல்.

கண்ணின் எல்லையையும் சொல்லிவிடுகிறோம். நல்ல பார்வை உள்ள ஒருவர் அரை மீற்றர் தூரத்திலிருந்து பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய இடைவெளி சுமார் 0.15 மில்லிமீற்றர். பழைய மொனிட்டரில் ஒரு பிக்சலே 0.26 மில்லிமீற்றர். ஒரு பிக்சலில் புள்ளி வைத்தாலும் கண்ணில் குத்தும், கரடுமுரடாக இருந்தாலும் இருப்பது தெரியும். 4கே லப்டொப்பில் ஒரு பிக்சல் 0.09 மில்லிமீற்றர். ஒற்றைப் பிக்சல் புள்ளி கண்ணில் படுவதே கஷ்டம்.

இது எங்களுக்குப் புதுப் பிரச்சினையும் அல்ல. ஓலையில் எழுத்தாணியால் எழுதிய காலத்தில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று புள்ளியை விட்டுவிடுவார்கள். ரகரமும் காலும் ஒரே மாதிரி இருக்கும். குறில் எகரம், நெடில் ஏகாரம் எது என்று வாசிப்பவர் இடம் பார்த்து ஊகிக்க வேணும். கொம்பின் உச்சியைச் சுழித்து ஏகாரத்தைப் பிரித்துக் காட்டும் இன்றைய வழக்கத்தை வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். எங்கள் சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றவர்கள் அந்த ஏடுகளிலிருந்து தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் மீட்டு அச்சிட்டபோது பட்ட பாட்டில், எது புள்ளி எழுத்து, எது புள்ளி இல்லாத எழுத்து என்று தீர்மானிக்கும் பாடும் ஒன்று. அச்சு வந்துதான் புள்ளி நிலைத்தது. சாவகச்சேரிக்கும் கீரிமலைக்கும் பஸ் ஓடும் காலத்தில், 8ஆம் தரப் பிள்ளை திரும்பவும் ஏடு வாசிப்பவர் மாதிரி ஊகித்து வாசிக்க வேண்டி வந்தது எங்களுக்குச் சரியாகப் படவில்லை.

குர்ஆன் மத்ரஸா உஸ்தாத்மாருக்கு இதை விளக்கவே தேவையில்லை. பா, தா, ஸா மூன்றுக்கும் உடம்பு ஒன்றுதான். கீழே ஒரு புள்ளி, மேலே இரண்டு, மேலே மூன்று. அதனால்தான் பிள்ளைகளுக்குப் பெரிய எழுத்துக் கிதாபைக் கையில் கொடுக்கிறார்கள். தமிழுக்கும் அந்தக் கரிசனை வேணும் என்றுதான் கேட்கிறோம்.

இனி மருந்து. சொன்னால் சிரிப்பீர்கள், அரை நிமிட வேலை. வெறும் திரையில் வலது கிளிக், டிஸ்பிளே செட்டிங்ஸ், அதில் ஸ்கேல் என்று ஒரு இடம். எங்கள் லப்டொப்களில் அது 100 வீதம் என்று இருந்தது. ஒழுங்குபடுத்தித் தந்தவர் திரையில் கூட விஷயம் கொள்ளட்டும் என்று அப்படி வைத்திருக்கலாம், கணக்கு வேலை செய்பவருக்கு அது வசதிதான். வாசிக்கப் பழகும் பிள்ளைக்கு அல்ல. 150 வீதம் ஆக்கினோம். இப்போது அதே எழுத்துக்கு 24 பிக்சல், பெட்டி 3.9 மில்லிமீற்றர். பழைய மொனிட்டரின் அளவுக்குக் கிட்ட வந்துவிட்டது, ஆனால் அங்கே 16 கல்லால் வரைந்ததை இங்கே 24 கல்லால் வரைகிறது. சுழி சுழியாகத் தெரிகிறது, புள்ளி வட்டமாகத் தெரிகிறது. அந்த மகளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னோம். அவள் ஒன்றும் சொல்லவில்லை. வாசித்துக்கொண்டே போனாள், பாதிப் பக்கத்தில் முதுகு தானாகக் கதிரையில் சாய்ந்தது.

4கே லப்டொப்புக்கு 250 வீதம் வைத்துக் கொடுத்தோம். 282 என்பது லேசுப்பட்ட எண் அல்ல. 1984இல் வந்த முதல் லேசர்ஜெட் பிரின்டர் கடதாசியில் அடித்ததே அங்குலத்துக்கு 300 புள்ளிதான். அந்தத் திரை ஒழுங்காக வைத்தால் அச்சுப் புத்தகத்துக்குக் கிட்ட வரும். ஆகவே "பழைய மொனிட்டர்தான் நல்லது, புதியது கண்ணுக்குக் கூடாது" என்று சொல்லிக்கொண்டு திரியாதீர்கள். எங்கள் எழுத்துக்கு நுணுக்கம் கூடின திரைதான் தேவை. ஆங்கிலத்துக்கு அது அழகு, தமிழுக்கு அவசியம்.

ஸ்கேலை மாற்றினால் சில பழைய புரோகிராம்களை மூடித் திறக்க வேண்டி வரும், சிலதுக்கு சைன் அவுட் செய்து வரவேணும். எல்லாம் பெரிதாக வேண்டாம், எழுத்து மட்டும் போதும் என்றால் விண்டோஸ் 11இல் அக்சசிபிலிற்றி என்ற பகுதியில் டெக்ஸ்ட் சைஸ் இருக்கிறது, 225 வீதம் வரை இழுக்கலாம்.

செய்யக்கூடாதது ஒன்றும் உண்டு. சில கடைகளில் "எழுத்துச் சின்னதா? ரெசலூஷனைக் குறைத்துவிடுவோம்" என்று 1366க்கு 768 ஆக்கிக் கொடுக்கிறார்கள். எழுத்துப் பெரிதாகும், உண்மை. ஆனால் திரையில் பதித்த கற்களின் எண்ணிக்கை மாறாது. 1366 கல்லுக்கு வரைந்த படத்தை 1920 கல்லில் இழுத்து ஒட்டுவதால் ஓரமெல்லாம் மங்கும். சுழிக்குள் சாம்பல் நிறம் நிறையும். பிள்ளைக்குக் கிடைப்பது பெரிய மங்கல் எழுத்து. ரெசலூஷனை இருந்த இடத்தில் விடுங்கள், "ரெக்கமெண்டட்" என்று எழுதியிருப்பதுதான் சரி. ஸ்கேலைத்தான் தொட வேணும்.

கல்யாணக் கார்ட், பிரசுரம் அடிக்கும் தம்பிமாருக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்களில் பலர் இன்னும் பாமினியும் பேஜ்மேக்கரும்தான். பேஜ்மேக்கர் 7 வந்தது 2001இல், அதற்கு இந்தத் திரைகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. 96 என்றே நினைத்து வரையும், விண்டோஸ் அதைப் படமாக எடுத்துப் பெருப்பிக்கும், அதனால்தான் புது லப்டொப்பில் மெனு முதல் எழுத்து வரை புகை பிடித்த மாதிரி இருக்கிறது. அந்தப் புரோகிராமின் ஐகனில் வலது கிளிக், புரொப்பர்ட்டீஸ், கொம்பாட்டிபிலிற்றி, அங்கே ஹை டிபிஐ செட்டிங்ஸ். கீழே ஓவர்ரைட் என்பதை டிக் செய்து, சிஸ்டம் என்ஹான்ஸ்ட் என்பதைத் தெரிந்து பாருங்கள். விண்டோஸ் 10இல் 2017 முதல் இந்த வசதி உண்டு. எல்லாப் புரோகிராமிலும் வேலை செய்யும் என்று இல்லை, ஆனால் செய்யும் இடத்தில் எழுத்துக் கூர்மையாகிவிடும்.

பாமினியைப் பற்றி இன்னொன்று. பாமினியில் "அம்மா" என்று அடித்தால் உங்கள் கண்ணுக்குத்தான் அம்மா. கணினி உள்ளே வைத்திருப்பது எம், கே, ஒரு அரைப்புள்ளி, திரும்ப கே, பிறகு எச். அதற்கு அது ஆங்கிலக் குப்பை. அதனால் தமிழுக்கென்று எழுத்தளவைக் கூட்டும் எந்த வசதியும் பாமினியைத் தொடாது. பார்வை குறைந்தவர்களுக்குத் தமிழை வாசித்துச் சொல்லும் மென்பொருள்களும் அதை வாசிக்காது. கார்ட்டை எதில் வேண்டுமானாலும் அடியுங்கள். ஆட்கள் திரையில் வாசிக்கப் போகும் அறிவித்தலை யுனிகோடில் அடியுங்கள்.

எழுத்துருக்களும் ஒரே மாதிரி இல்லை. 12 என்ற எண்ணை நம்பி ஏமாறாதீர்கள். விண்டோஸ் 2000 காலத்திலிருந்து இருக்கும் லதா அகன்று விரிந்து உட்காரும். விண்டோஸ் 7உடன் வந்த விஜயாவை அதே 12இல் போட்டுப் பாருங்கள், தம்பி மாதிரிச் சின்னதாக நிற்கும். விண்டோஸ் 8 முதல் நிர்மலா. கூகுளின் நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசம், கோடுகள் ஒரே தடிப்பு, சின்ன அளவிலும் புள்ளி நிற்கிறது. வகுப்பறைக்கு நாங்கள் அதைத்தான் போட்டிருக்கிறோம், இது எங்கள் ருசி. வரிக்கு வரி இடைவெளியை ஒன்றரை ஆக்கிவிடுங்கள். மேல் வரியின் "மூ"வும் கீழ் வரியின் "கீ"யும் முட்டிக்கொள்ளாமல் இருந்தாலே பாதி வாசிப்பு லேசாகிவிடும்.

இணையத்தில் வாசிக்கும்போது கொன்ட்ரோலை அமத்திக்கொண்டு பிளஸ், இது எல்லோருக்கும் தெரிந்தது. தெரியாத ஒன்று: பயர்பொக்ஸில் ஒவ்வொரு மொழிக்கும் தனி அளவு வைக்கலாம். செட்டிங்ஸில் பொன்ட்ஸ், அட்வான்ஸ்ட், அங்கே மொழிப் பட்டியலில் தமிழைத் தெரிந்து, குறைந்தபட்ச அளவை 18 அல்லது 20 ஆக்குங்கள். தமிழ்ப் பக்கங்கள் அதற்குக் கீழே இறங்காது. இந்த ஒரு வேலையைச் செய்துவிட்ட பிறகு எங்கள் ஆசிரியர் அறையில் தினசரி வாசிப்பவர்களின் தொகை கூடியது. தேநீர் ஆறுவதும் கூடியது.

போனுக்கும் இதே கதைதான், பிக்சல் இன்னும் நெருக்கம். அன்ட்ரொயிடில் டிஸ்பிளே பகுதியில் பொன்ட் சைஸ், வட்ஸ்அப்பில் சட்ஸ் பகுதியில் பொன்ட் சைஸ். உம்மாமாரின் போன்களை வாங்கி இன்றைக்கே மாற்றிக் கொடுங்கள், அவர்களாகக் கேட்க மாட்டார்கள்.

ஆனால் இதெல்லாம் எழுத்தாக வருவதற்குத்தான். படமாக வருவதற்கு ஒன்றும் செய்ய ஏலாது. இங்கேதான் எங்கள் மஹல்லாவிடம் ஒரு கோரிக்கை இருக்கிறது. ஜனாஸா அறிவித்தல்களை அழகான பூ, பச்சைக் கரை எல்லாம் போட்டுப் படமாக அனுப்புகிறோம். வட்ஸ்அப் அதைச் சுருக்கி அனுப்பும். பத்துக் குழுவில் சுற்றி வரும்போது நேரம் எழுதிய வரி கரைந்திருக்கும். சில மாதங்களுக்கு முன் ஒரு ஹாஜியார், கூட்டாளியின் ஜனாஸாத் தொழுகைக்கு, முடிந்த பிறகு வந்து சேர்ந்தார். நேரத்தைக் கையால் கேட்டு அறிந்தவர் அல்ல, போனில் பார்த்தவர். படத்தை இரண்டு விரலால் பெருப்பித்தும் பார்த்திருக்கிறார், பெரிய மங்கல்தான் வந்தது. அறுபது வருசக் கூட்டாளி. பள்ளி வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றார். அவரிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

படத்தை விட வேண்டாம். அதற்குக் கீழே பெயர், நேரம், மையவாடி மூன்றையும் எழுத்தாகவும் அடித்து அனுப்புங்கள். எழுத்தாக இருந்தால் அவர் போனில் அவர் வைத்த அளவில் தெரியும், பேரப்பிள்ளை இல்லாவிட்டால் போனே வாசித்தும் சொல்லும்.

படம் என்றதும் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேணும். நூலகம் நிறுவனம் 2005இலிருந்து இலங்கைத் தமிழ் நூல்கள், சஞ்சிகைகள், பாடசாலை மலர்கள், பத்திரிகைகள் என்று ஸ்கான் செய்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. 1990 ஒக்டோபரில் நாங்கள் வெளியேற்றப்பட்டபோது வீடுகளிலிருந்த புத்தகமும் மலரும் கொப்பியும் அங்கேயே நின்றுவிட்டன. புத்தளத்திலும் கொழும்பிலும் இருக்கிற எங்கள் ஆட்கள் அந்தக் காலத்துப் பக்கங்களைத் தேடுவது இப்போது அங்கேதான். ஸ்கான் பக்கமும் படம்தான், ஸ்கேல் அதற்கு உதவாது. ஆனால் இங்கே நுணுக்கமான திரை கை கொடுக்கிறது. பழைய மொனிட்டரில் பழைய ஈய எழுத்துத் தெளிவாகத் தெரியும் மட்டும் பெருப்பித்தால் வரியின் பாதி திரைக்கு வெளியே போய்விடும், வலமும் இடமும் இழுத்து இழுத்து வாசிக்க வேணும். 4கே திரையில் பக்கத்தின் முழு அகலமும் கொள்ளும், எழுத்தின் ஓரமும் உடையாது. அந்த லண்டன் லப்டொப்பின் வாப்பா இப்போது இரவில் செய்யும் வேலை இதுதான். 80களின் மலர் ஒன்றில் விளையாட்டுப் போட்டி முடிவுகளைத் தேடிக்கொண்டிருக்கிறார், தன் பெயர் அதில் இருக்கிறது என்கிறார். இன்னும் கிடைக்கவில்லை.

கண்ணைப் பற்றிப் பல பேர் இன்பொக்ஸில் கேட்டீர்கள். நீல வெளிச்சத்தை மறைக்கும் கண்ணாடிக்குக் காசு கொடுக்க வேண்டாம் என்பதுதான் எங்கள் எண்ணம். 17 பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்த 2023ஆம் ஆண்டுக் கொக்ரேன் ஆய்வு, குறுகிய காலத்தில் கண் களைப்பை அது குறைப்பதாகத் தெரியவில்லை என்றுதான் சொன்னது. திரையைப் பார்க்கும்போது நாங்கள் கண் சிமிட்டுவது குறைகிறது, கண் காய்கிறது. பிள்ளையை இடைக்கிடை எழுப்பி வேப்பமரத்தைப் பார்க்கச் சொன்னால் போதும். ஜன்னல் வெளிச்சம் திரையில் விழாமல் மேசையைத் திருப்பி வையுங்கள். அதன் பிறகும் எழுத்து மங்கினால் கட்டாயம் கண் வைத்தியரிடம் காட்டுங்கள். ஸ்கேல் வைத்தியத்துக்குப் பதில் அல்ல.

ஆசிரியர்களுக்கு ஒன்று. புரொஜெக்டரில் போடும் முன் கடைசி வாங்கில் போய் உட்கார்ந்து பாருங்கள். பல பழைய புரொஜெக்டர்களின் சொந்தக் கற்கள் 1024க்கு 768தான். லப்டொப்பில் நன்றாகத் தெரிந்த 12 அங்கே கூழாகிவிடும். தமிழுக்கு 28க்குக் கீழே போடாதீர்கள்.

அந்த மகள் இப்போது கணினியைத் தமிழிலேயே வைத்திருக்கிறாள். தமிழ்ச் சொற்களில் சிலது அவளுக்குச் சிரிப்பு வருகிறது, "கோப்புறை" என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். சிரிக்கட்டும், வாசித்துத்தானே சிரிக்கிறாள்.

வருகிற சனிக்கிழமை அஸருக்குப் பிறகு கணினி அறை திறந்திருக்கும். லப்டொப், போன் எதுவென்றாலும் கொண்டுவாருங்கள், 10ஆம் தரப் பிள்ளைகள் நான்கு பேருக்குப் பழக்கி வைத்திருக்கிறோம், அவர்களே சரிசெய்து தருவார்கள். காசு ஒன்றும் இல்லை. பெரியவர்கள் வழமையாக வாசிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாருங்கள், அதோடு பார்த்துத்தான் அளவு வைக்க வேணும். சார்ஜரையும் மறக்க வேண்டாம். எங்களிடம் இருப்பது மூன்று பிளக் பொயின்ட்தான்.